ஐந்து மணி முதல் ஏழு மணி வரை

நயினார்கோவில்
4-12-2003

பாசமுள்ள அம்மாவுக்கு,

பெயரில் மயில், குணத்தில் குரங்கு, உன் ஒரே மகள் பூமயில் எழுதுவது. நான் நலம். அய்யா நலம். கறுப்பு மாடு நலம். வெள்ளை மாடு மட்டும் என் கணக்கு நோட்டைத் தின்றுவிட்டு வயிறு சரியில்லாமல் நிற்கிறது. அந்தக் கணக்கு எனக்கும் செரிக்கவில்லை என்பதால் அதைத் திட்டவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எப்போதும் போல அய்யாதான் தபால்காரரிடம் வாங்கியிருக்கிறார். எப்போதும் போலப் பிரிக்காமல் ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஏத்தா, ஒனக்கு என்னமோ வந்திருக்கு" என்றார். என்னமோவாம்! உறையின் முதுகில் 'உமையாள் வீரபத்திரன்' என்று முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. நான் வாசிக்கும்போது வாசலில் நின்று மண்வெட்டி கழுவினார். ஒரு மண்வெட்டியை அரை மணி நேரம் கழுவுகிற மனுசனை நீ பார்த்திருக்கிறாயா? வேண்டுமென்றே சத்தமாக வாசித்தேன். "உங்க அய்யாவை நினைத்தால் அழுகையாக வருகிறது" என்று நீ எழுதாத ஒரு வரியையும் நடுவில் சேர்த்தேன். மண்வெட்டி கீழே விழுந்தது.

உன் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரமக்குடி கிளை நூலகத்தில் இருந்தவரை 'எங்கம்மா லைப்ரரியன்' என்றால் முடிந்தது. இப்போது 'கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் அரட்டைக்குத் திட்டம் போடுறாங்க' என்றால் பக்கத்து வீட்டு வீரலட்சுமி, "அரட்டைக்குத் திட்டமா? உன்னைச் சேத்துக்கிட்டா திட்டமே வேணாமேடி" என்கிறாள்.

நூலகம் என்றால் நூல் இருக்கும் அகம் என்று தமிழ் மிஸ் சொன்னார்கள். நம் வீட்டில் நீ வாங்கிய நூல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அகம்தான் பஸ் ஏறிப் போய்விட்டது. ஒரு வருஷம் என்று சொல்லிப் போனாய். பிப்ரவரியோடு முடிகிறது. வந்துவிடுவாய் அல்லவா?

உன்
மயில்

*

கோயம்புத்தூர்
11-12-2003

அன்பு மயிலுக்கு,

அம்மாவின் ஆசிகள். நான் எழுதாததை வாசிக்காதே. எழுதியிருந்தாலும் சத்தமாக வாசிக்காதே.

என் வேலையை வீரலட்சுமிக்கு இப்படிச் சொல். ஊரில் ஒருவருக்கு ஏதோ சந்தேகம். நூலகத்துக்கு வர முடியவில்லை. பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேள்வியைத் தட்டுகிறார். இங்கே ஒரு நூலகர் உட்கார்ந்திருந்து, புத்தகத்தைப் பார்த்து அப்போதே பதில் தட்டுகிறார். அவ்வளவுதான். நாள் முழுக்க உட்கார எந்த நூலகத்திலும் ஆள் கிடையாது. அதனால் ஐந்து ஊர் நூலகங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கிறோம். காலை பதினொன்றிலிருந்து இரவு ஒன்பது வரை, ஊருக்கு இரண்டு மணி நேரம். எனக்கு மாலை ஐந்து முதல் ஏழு. ஏழு அடித்ததும் திருநெல்வேலிக்காரர் உட்காருவார். எந்த ஊரில் யார் பதில் சொல்கிறார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாது. திரையில் 'நூலகர்' என்று மட்டும் வரும்.

இதற்குத்தான் பத்து மாதமாகக் கூட்டம் போடுகிறோம். 'வணக்கம்' முதலில் சொல்வதா, கேள்வியை முதலில் கேட்பதா என்பதற்கே மூன்று கூட்டம் ஆனது. நான் சண்டை போட்டு வாங்கிய விதி ஒன்று உண்டு: கேட்டவுடன் பதில் சொல்லக் கூடாது, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். பரமக்குடியில் ஒருவர் வந்து சவுதி வரைபடம் கேட்டார். விசாரித்தால், தம்பி வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி பற்றிக் கேட்டாய். என்னை இங்கேயே தங்கச் சொல்கிறார் தலைமை நூலகர். சோதனை ஓட்டம் முடிகிற ஜனவரி 30-க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும் அன்று உன் அய்யா, "போறதுன்னா போ" என்றார். 'வா' என்று இதுவரை சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்த இரண்டு நாளும் "அவுகளுக்கு ரசம் ஊத்து", "அவளை வெளக்க அமத்தச் சொல்லு" என்று உன் வழியாகத்தான் பேசினோம். நடுவில் நீ மாற்றி மாற்றிச் சொன்னதும் எனக்குத் தெரியும். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி மயில் வருவது?

அம்மா

*

நயினார்கோவில்
3-1-2004

அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. பொங்கலுக்கு நீ வரப் போவதில்லை என்று உன் புத்தாண்டுக் கார்டில் வாசித்தேன். அதற்கு வாழ்த்து இல்லை.

ஜனவரி 30 விஷயத்தை அய்யாவிடம் சொன்னேன். "அவ இஷ்டம்" என்றார். "உங்க இஷ்டம் என்னய்யா?" என்றேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றார். பேச்சைத் திருப்புவதில் அவரை மிஞ்ச நம் ஊர் பஸ் டிரைவராலும் முடியாது.

அவருக்கு இப்போது வேறு கவலை. மிளகாய்ச் செடியில் இலை சுருளுகிறது. மருந்துக்கடையில் சொன்னதை அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர் சொன்னதையும் அடித்தார், அதுவும் கேட்கவில்லை. உன்னைத் தவிர எல்லாரிடமும் கேட்டுவிட்டார். முன்பெல்லாம் நீதான் ஏதாவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய். இப்போது சாயங்காலத்தில் வரப்பில் தனியாக உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் வருகிறார். சாப்பிடும்போது என் குழம்பைத் திட்டுகிறார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சரி, சுமாராக இருந்தது.

போன வாரம் உனக்கு "அன்புள்ள உமையாளுக்கு, உடனே வா. இப்படிக்கு வீரபத்திரன்" என்று ஒரு கார்டு வந்ததா?

மயில்

*

கோயம்புத்தூர்
20-1-2004

மயிலுக்கு,

கார்டு வந்தது. உன் அய்யா 'அன்புள்ள' என்று எழுதுகிற ஆளில்லை. அந்த ஒரு சொல்லிலேயே மாட்டிக்கொண்டாய். ஆனாலும் அரை நாள் கைப்பையில் வைத்திருந்தேன்.

இப்போது வேறு விஷயம். நேற்று சோதனை ஓட்டம் தொடங்கியது. என் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கேள்விகள். அதில் 'பாம்பன் பாலத்தின் மேல் நின்று தும்மினால் எந்தப் பக்கம் சளி பிடிக்கும்?' என்று கேட்டவர் நீ. 'கணக்கு நோட்டைத் தின்ற மாடு கூட்டலில் தேறுமா?' என்று கேட்டவரும் நீ. 'வீட்டை விட்டுப் போன நூலகரை எந்த அலமாரியில் தேட வேண்டும்?' என்று கேட்டதும் நீதான். பன்னிரண்டில் ஏழு உன்னுடையது.

சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. இந்தப் பன்னிரண்டு நாளில் வந்த கேள்விகளை வைத்துத்தான் சேவை நடக்குமா, நிற்குமா என்று முடிவு செய்வார்கள். பொய்க் கேள்வி இருக்கிறது என்று தெரிந்தால் ஐந்து நூலகங்களின் பத்து மாத உழைப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள். இனிமேல் அந்தப் பெட்டியில் யாரும் உண்மையில் கேட்காத ஒரு சொல்லையும் தட்ட மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்.

அம்மா

*

நயினார்கோவில்
24-1-2004

அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சத்தியம் செய்கிறேன். ஆனால் அது வருவதற்கு முன்பே நான் திருந்திவிட்டேன், அதைக் கேள்.

புதன்கிழமை அய்யாவிடம், "கம்ப்யூட்டர்ல நூலகத்து ஆளுங்க மிளகாய்க்கு மருந்து சொல்றாங்களாம்" என்றேன். "யாரு?" என்றார். "அஞ்சு ஊர்ல மாத்தி மாத்தி உக்காருவாங்க, யாருன்னு நமக்குத் தெரியாதுய்யா" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? பரமக்குடியில் ஹமீது சுல்தான் அண்ணன் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனேன். ஐந்தரை மணி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டும் என்பதால் அய்யா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பெயர் கேட்டது, 'மிளகாய்' என்று போட்டேன். இலை சுருளுது, என்ன மருந்து என்று கேட்டார்.

'இலை மேல் நோக்கிச் சுருளுகிறதா, கீழ் நோக்கியா?' என்று பதில் வந்தது.

"சுருளுதுன்னா சுருளுதுதான். இதுல என்ன மேல கீழ?" என்றார். அதை அப்படியே தட்டினேன். 'பார்த்துவிட்டு நாளை இதே நேரத்துக்கு வாருங்கள்' என்று வந்தது. அய்யாவுக்குக் கோபம். ஆனால் மறுநாள் விடிந்ததும் புஞ்சையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். சாயங்காலம் என்னை அவரே கிளப்பினார்.

'மேல் நோக்கி' என்று தட்டினேன். உடனே நீ என்ன கேட்டாய் தெரியுமா? 'எல்லா இடத்திலுமா, கிணத்தடிப் புஞ்சையில் மட்டுமா?'

அம்மா, நமக்குக் கிணத்தடியில் ஒரு புஞ்சை உண்டு என்று 'மிளகாய்' சொல்லவே இல்லை.

அய்யா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கெணத்தடியில மட்டுந்தான். தெக்குப் புஞ்சை நல்லாருக்குன்னு போடு" என்றார், மெதுவாக. அப்புறம் இலைப்பேன், வேப்பங்கொட்டைக் கரைசல், எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் எல்லாம் வந்தது. கடைசியில் 'வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று வந்தது.

அய்யா துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார். என் விரல் 'வா' என்று தட்டத் துடித்தது. ஆனால் அவர் சொல்லாததை எப்படித் தட்டுவது? அந்தக் கார்டுக்கு அப்புறம் எனக்கே பயம். "இல்லன்னு போடு" என்றார். போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, ஏழு மணி வரைக்கும் அங்கன உக்காந்திருந்தா, எப்ப சோறு பொங்குவா?"

மயில்

*

கோயம்புத்தூர்
27-1-2004

அன்பு மயிலுக்கு,

'சுருளுதுன்னா சுருளுதுதான்' என்ற இடத்திலேயே தெரிந்துகொண்டேன். வேறு யார் அப்படிப் பேசுவார்கள்? தெரிந்ததும் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நூலகராக இருக்கும்போது அவரிடம் எதையும் நிதானமாகக் கேட்க முடிந்தது. கேட்டால் அவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். பதினேழு வருஷத்தில் நாங்கள் அப்படிப் பேசியதில்லை. அந்த நிம்மதியில்தான் கிணத்தடி தானாக விரலில் வந்துவிட்டது.

இன்று கூட்டத்தில் எல்லாரும் அந்த உரையாடலைத்தான் வாசித்தார்கள். விசாரிப்பது எப்படி என்பதற்கு இதையே மாதிரியாக வைக்கலாம் என்றார்கள். அப்போது தஞ்சாவூர் நூலகரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது சரி உமையாள், அவருக்குக் கிணத்தடியில ஒரு நிலம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார். அறையே என்னைப் பார்த்தது.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.

சிரித்து ஓய்வதற்குப் பத்து நிமிஷம் ஆனது. சொந்தக்காரர் கேள்வி கணக்கில் வராது என்று அதை அடித்துவிட்டார்கள். உன் ஏழு கேள்விகளையும் நானே சொல்லி அடிக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்றைக்கே என் முடிவையும் கொடுக்க வேண்டும். இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தங்குகிறேன் என்று இருக்கிறது, இன்னொன்றில் ஊருக்குப் போகிறேன் என்று. ஐந்து மணி முதல் ஏழு மணி வரை நான்தான் உட்கார்ந்திருப்பேன். இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

அம்மா

*

நயினார்கோவில்
31-1-2004

அம்மாவுக்கு,

இந்தத் தடவை கிண்டல் எதுவும் எழுத வரவில்லை.

உன் கடிதம் நேற்று வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே வந்திருக்கிறது. அய்யா வாங்கி, பிரிக்காமல் ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டார். அன்று பார்த்து ஸ்பெஷல் கிளாஸ், நான் வந்தது ஐந்தே காலுக்கு. வாசித்துவிட்டு ஓடினேன். கிணத்தடியில் கரைசல் அடித்துக்கொண்டிருந்தார். "அய்யா, இன்னைக்கு ஏழு மணியோட முடியுது. அம்மாதான் அங்கன உக்காந்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் வரும்" என்று கத்தினேன்.

"காலையிலயே வந்த கடுதாசியாச்சே" என்றார். கையைக் கழுவினார். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம். இத நானே சொல்லிக்கிறேன்" என்று அதே சட்டையோடு கிளம்பினார். ஐந்தரை பஸ் வரவில்லை. ஆறு பத்து பஸ்ஸில்தான் போயிருக்கிறார்.

அப்புறம் நடந்தது ஹமீது சுல்தான் அண்ணன் இன்று சொன்னது. ஏழு மணிக்கு மேல்தான் உள்ளே நுழைந்தாராம். "தம்பி, வான்னு போடணும், எந்த எந்த எழுத்து?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மூன்று எழுத்தைக் காட்டியிருக்கிறார். போன தடவை போலவே பெயரில் 'மிளகாய்' போட்டது அண்ணன். 'வா'வைத் தட்டியது அய்யா. ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை மேலே வைத்து, எடுத்து, மறுபடி வைத்துத் தட்டினாராம்.

'தங்கள் கேள்வியை இன்னும் சற்றுத் தெளிவாகக் கேட்க முடியுமா?' என்று பதில் வந்ததாம்.

அய்யா எழுந்து வந்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலை, "இதுக்கு மேல என்னத்தத் தெளிவாக் கேக்குறது?" என்றார், மாட்டிடம்.

அம்மா, ஏழு மணிக்கு அப்புறமும் நீ கொஞ்ச நேரம் இருந்தாயா? அது நீதானா? நீயாக இருக்காது என்று நான் சொல்கிறேன், அவர் கேட்கவில்லை. ஒரு வரி எழுது.

மயில்

*

கோயம்புத்தூர்
3-2-2004

அன்பு மயிலுக்கு,

இதை அய்யாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு வரியும் சேர்க்காதே. ஒரு வரியும் விடாதே.

அது நான் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரமும் நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு பேர் வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டு பற்றிக் கேட்டார், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்குத் திமிங்கலம் பற்றிக் கேட்டது, மற்ற இருவர் கேட்டது நினைவில்லை. ஒவ்வொரு தடவை பெட்டி திறந்தபோதும் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். ஏழு அடித்தது. திருநெல்வேலிக்கு ஒப்படைத்துவிட்டு எழுந்தேன். கீழே தலைமை நூலகர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். தங்குகிறேன் என்ற கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

நேற்றுத்தான் கூட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். முடிக்காத கேள்வி ஒன்றே ஒன்று இருந்தது. 'பெயர்: மிளகாய். நேரம்: 7.12. கேள்வி: வா. குறிப்பு: கேட்டவர் மரியாதைக் குறைவாக விளித்தார். விளக்கம் கேட்டதும் போய்விட்டார்.' பாவம் திருநெல்வேலிக்காரர், அவருக்கு என்ன தெரியும்? தெளிவாகக் கேட்க முடியுமா என்ற அந்த வாக்கியம்கூட அவருடையது இல்லை. புரியாத கேள்வி வந்தால் அனுப்பச் சொல்லி ஐந்து ஊருக்கும் எழுதிக் கொடுத்தது நான்தான்.

உடனே மாடிக்கு ஓடினேன். கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா என்று தலைமை நூலகரிடம் கேட்டேன். சனிக்கிழமையே மேலே அனுப்பிவிட்டார். ஊருக்கு மாற்றல் இரண்டு வருஷம் கழித்துத்தான் இனி கேட்க முடியும் என்றார்.

விதிப்படி அந்தக் கேள்வியை நேற்றே முடித்திருக்க வேண்டும். பதில் தரப்பட்டது, வேறிடத்துக்கு அனுப்பப்பட்டது, பதில் இல்லை. இந்த மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். என்னால் எதையும் போட முடியவில்லை. அது அப்படியே திறந்து கிடக்கிறது. ஏழு பன்னிரண்டுக்கு அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன், நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவில்.

உமையாள்

*

நயினார்கோவில்
7-2-2004

அம்மாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். சேர்க்கவில்லை, விடவில்லை. கடைசியில் 'அம்மா' என்று இல்லாமல் 'உமையாள்' என்று இருந்ததையும் அப்படியே வாசித்தேன். இந்தத் தடவை மண்வெட்டி எதுவும் கழுவவில்லை, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து கேட்டார்.

"அப்ப அது அவ இல்லியா?"

"இல்லய்யா. திருநெல்வேலிக்காரர்."

"அந்த மனுசனையா நான் வா போன்னு பேசிட்டேன்?" என்று சிரித்தார். அம்மா, ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவருக்குப் பல் இருப்பதைப் பார்த்தேன். சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான், படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "கோயம்புத்தூருக்கு மதுரையில எந்நேரம் பஸ்ஸு?" என்றார். நான் அவரையே பார்த்தேன். "என்னத்தப் பாக்குற? மிளகாப்பழம் பறிக்க இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கு. இங்கன உக்காந்து என்ன செய்ய? அவ வர முடியாதுன்னா நான் போயிட்டு வாரேன்" என்றார்.

மதுரையைத் தாண்டி எங்கேயும் போகாத மனுசன். நூலக விலாசத்தை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், பின் போட்டு. கிணத்தடிப் புஞ்சையில் புதுக்கொழுந்து சுருளாமல் வருகிறது. அதில் ரெண்டு இலையைப் பறித்துக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார், உன்னிடம் காட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை விடியக் கிளம்புகிறார். இந்தக் கடிதம் முந்துமோ அவர் முந்துவாரோ தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நூலகத்துக்குள் வர மாட்டார். செருப்பை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டு வெளியேதான் நிற்பார். யார் கேட்டாலும் யாரைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல மாட்டார். ஆகையால் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை வெளியே வந்து எட்டிப் பார்.

நானும் வருகிறேன் என்று அழுது பார்த்தேன். வருஷப் பரீட்சை இருக்கிறது என்றார். பாட வாரியாகச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தது, யாரிடம் விசாரித்தாரோ. ராத்திரிக்கு வீரலட்சுமி வீட்டில் படுத்துக்கொள்வேன். பகலில் நானும் ரெண்டு மாடும்தான். இந்த வீட்டில் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் சேதி சொல்லியே பழகிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து நீங்களே பேசிக்கொள்வீர்கள். ரசம் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்கச் சொல்.

அவரை அஞ்சு நாள் வைத்துக்கொள் அம்மா. ஆறாவது நாள் எனக்கு வேண்டும். இங்கே என் குழம்பைத் திட்டுவதற்கு ஆள் இல்லை.

உங்கள் ரெண்டு பேருடைய
பூமயில்